இருபது கசெற்றும் காப்புரிமையும்

அன்புள்ள ஐயா,

வீட்டில் கிடந்த பழைய ரி.வி. கேமில் ஓடக்கூடிய ஒரு விளையாட்டுக்கு நானே நிரல் எழுதி முடித்திருக்கிறேன். நாயகன் மரியோ, லெவல்கள் யாவும் என் சொந்தக் கற்பனை. இருபது கசெற் மட்டும் செய்து, செலவான காசுக்கே நண்பர்களிடம் கொடுக்க எண்ணியுள்ளேன். இவ்வளவு சிறிய தொகைக்கும் காப்புரிமை (பதிப்புரிமை) சிக்கல் வருமா?

வாசகர், கல்முனை

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு கிலோபைட் நினைவகத்தோடு இயங்கும் பொறிக்கு ஒரு விளையாட்டை எழுதி முடித்திருக்கிறீர்கள் என்பதே எனக்குப் பெருமகிழ்ச்சி. ஆனாலும் உங்கள் கேள்விக்கு, சிக்கல் வரும் என்றுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. மரியோ, ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனத்துக்கு உரிமையான பாத்திரம். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், இத்தனை பிரதிகளுக்குக் குறைந்தால் பாதகமில்லை என்று எங்கும் சொல்லவில்லை. இலாபம் இல்லை என்பது, அனுமதியின்றிச் செய்யக்கூடிய நியாயமான பயன்பாடா என்று எடைபோடும்போது கவனிக்கப்படும் பல காரணங்களில் ஒன்று மட்டுமே. அதே நிறுவனத்தின் மெட்ராய்ட் தொடரில், கேம் போய் என்ற கையடக்கக் கருவிக்கு 1991இல் வந்த விளையாட்டை ஓர் ரசிகர் ஏறத்தாழப் பத்தாண்டு உழைத்துப் புதிதாக ஆக்கி, 2016 ஆகஸ்டில் முற்றிலும் இலவசமாக வெளியிட்டார். நிண்டெண்டோவின் முறைப்பாட்டால் சில நாட்களிலேயே தரவிறக்க இணைப்புகள் நீக்கப்பட்டன.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது அநியாயமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. மட்டக்களப்புக் கடைகளுக்கு வந்தவை, ஃபமிக்கொம் என்ற நிண்டெண்டோவின் ரி.வி. கேம் பொறியின் போலிகளும், 9999 விளையாட்டு என்று ஸ்ரிக்கர் ஒட்டிய மஞ்சள் கசெற்றுகளுமே. ஒன்றைக் கழற்றினால் உள்ளே கைவிரல் அளவு சேர்க்கிட் பலகையும் அதன்மேல் ஒரு கறுப்புப் பசைப் பொட்டும் இருக்கும். திரையில் வரும் பட்டியலில் அதே சில விளையாட்டுகள் பெயர் மாறி மாறி வரும். ஆக்கியவர் பெயரே இல்லாமல் வந்து சேர்ந்த மரியோ, ஊர்ப் பொதுச் சொத்தாகவே நமக்குப் பட்டுவிட்டார்.

சட்டத்தைவிட என்னை உறுத்துவது, உங்கள் உழைப்பு இருபது பேரோடு ஒளிந்துகொள்வதுதான். வெளிப்படையாகக் காட்ட முடியாத விளையாட்டுக்குப் பிழை சொல்லித் திருத்த ஆள் கிடைக்காது. அடுத்தவர் அதன் நிரலைப் படித்துப் பழக முடியாது. அந்தச் சில கசெற்றுகளும் பழுதானால் செய்ததே இல்லாமல் போய்விடும்.

இதற்கு வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. தாவி ஓடுவது, எதிரியின் தலையில் குதிப்பது போன்ற ஆட்ட விதிகள் எவருடைய காப்புரிமைக்குள்ளும் அடங்குவதில்லை. விழும் கட்டிகளை அடுக்கும் டெட்ரிஸ் விளையாட்டைப் பின்பற்றிய சியோ நிறுவனத்துக்கு எதிராக 2012இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தபோதும், விதிகளை விட்டுவிட்டு, கட்டிகளின் வடிவம், பத்துக்கு இருபது என்ற ஆடுகள அளவு முதலான தோற்றக் கூறுகளையே பிடித்துக்கொண்டது. ஆகவே உங்கள் லெவல்களும் நிரலும் அப்படியே இருக்கட்டும், நாயகனை மாற்றுங்கள்.

மரியோவின் உருவமே நெருக்கடியில் பிறந்ததுதான். 1981இல் டொங்கி கொங் விளையாட்டுக்காக அவரை வரைந்தபோது, தலைமயிரை வரையும் சிரமத்தைத் தவிர்க்கத் தொப்பியும், மூக்கைத் தனித்துக் காட்ட மீசையும் வைத்தார்கள். உங்களுக்கும் பதினாறுக்குப் பதினாறு புள்ளியும் மூன்று நிறமும் உண்டு. நம் நாட்டுக்கூத்து வகையான வடமோடியில் கூத்தர் அணியும் கரப்புடுப்பை அதற்குள் வரைந்து பாருங்கள். இடுப்புக்குக் கீழே குடைபோல விரியும் அந்த உருவம் எவ்வளவு சிறிதானாலும் அடையாளம் தெரியும். துள்ளும்போது உடுப்பின் விளிம்பை ஒரு புள்ளி உயர்த்தினால் ஆட்டமும் வந்துவிடும். எனக்கு இதில் மிகுந்த ஆசை என்பதை மறைக்கவில்லை.

பின்னணி இசையும் மரியோவுடையதாயின் அதையும் நீக்கிவிடுங்கள். மரபான கூத்து மெட்டை நீங்களே ஒலியமைக்கலாம், ஆனால் வேறொருவர் பதிவுசெய்த பாடலைத் தொட வேண்டாம். தலைப்பிலும் கசெற் அட்டையிலும் பழைய பெயர் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு கசெற்றில் ஏற்றும் ரொம் கோப்பை யாவருக்கும் திறந்து வைத்து, கசெற் கேட்பவர்களுக்கு எத்தனை வேண்டுமானாலும் செய்து கொடுங்கள். முதல் ஒன்றை நான் காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
மட்டக்களப்பிலிருந்து