சுப்பர்வைசர் சொன்ன ‘ஷோர்ட்’ உங்கள் உயரத்தை அல்ல

தங்கச்சி, மட்டக்களப்பு ஆரையம்பதியிலிருந்து லண்டனுக்கு வந்த கையோடு சுப்பர்மார்க்கெட்டில் வேலை கிடைத்தது பெரிய சந்தோஷம். சுப்பர்வைசர் உங்களைத் தனியாகக் கூப்பிட்டு ‘யூ ஆர் எ பிட் ஷோர்ட் வித் கஸ்டமர்ஸ்’ என்றாராம். மேல் தட்டுச் சாமான் எடுக்க உயரம் போதாது என்கிறாரா, வேலை போய்விடுமா என்று நித்திரை இல்லாமல் கிடக்கிறீர்கள். அவர் உங்கள் உயரத்தைப் பற்றிப் பேசவே இல்லை. கடையில் ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றி மேலாளர் அப்படிக் கதைப்பது இங்கே முறையுமில்லை.

ஷோர்ட் என்றால் கட்டை என்றுதான் நாம் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அது ஆளின் உயரத்துக்கும் பாவாடையின் நீளத்துக்கும் சரி. ஆனால் அதற்குப் பின்னால் ‘வித்’ வந்து ஓர் ஆளும் வந்தால் கதை வேறு. அந்த ஆளோடு வெடுக்கென்று பேசுகிறீர்கள், முகம் கொடுத்துக் கதைக்கவில்லை என்று பொருள்.

நான் யாரோடும் வெடுக்கென்று பேசவில்லையே என்று உங்களுக்கு மனம் நோகும். எனக்கு அது நன்றாக விளங்குகிறது. நானும் கல்லடியிலிருந்து வந்தவள்தான். பிள்ளைகள் இங்கேயே வளர்ந்துவிட்டார்கள். கடைகளில் நிற்கும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு இந்தச் சொல் விழுவதை அடிக்கடி கேட்கிறேன். ஒருவரிலும் பிழை இல்லை. மட்டக்களப்பில் கடைக்கு வந்தவரிடம் ‘கொஞ்சம் இருங்க, பில்லைத் தாங்க’ என்றால் அதில் என்ன குறை? மரியாதை முழுக்க அந்த ‘ங்க’வில் இருக்கிறது. அதையே ‘வெயிட், கிவ் மீ த பில்’ என்று சொன்னால் ‘ங்க’ ஒட்டுவதற்கு ஆங்கில வினைச்சொல்லில் இடமே கிடையாது. கேட்பவர் காதில் கட்டளை மட்டும் விழும்.

ஆங்கிலத்தில் மரியாதை தனித்தனிச் சொற்களாக வரும். ‘குட் யூ’, ‘பிளீஸ்’, ‘வுட் யூ மைண்ட்’ எல்லாம் சேர, வசனம் நீண்டுவிடும். வசனம் கட்டையாக இருந்தால் ஆளும் வெடுக்கென்றவர் மாதிரித் தெரிவார். ஆகவே ‘குட் ஐ சீ த பில், பிளீஸ்?’ என்று கேளுங்கள். பால் முடிந்துவிட்டால் ‘நோ மில்க்’ என்று நிறுத்தாமல் ‘ஐ ஆம் அஃப்ரெய்ட் வீ ஹாவ் ரன் அவுட்’ என்று சொல்லுங்கள். அஃப்ரெய்ட் என்பதால் பயந்ததாகிவிடாது, வருத்தம் தெரிவிப்பதுதான். சாமானைக் கையில் கொடுக்கும்போது முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை. தொடக்கத்தில் வாய்க்கு வராது. வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள்.

மறுகா, டில்லில், அதாவது கடையின் காசுப் பெட்டியில், காசு எண்ணும்போது ‘ஃபைவ் பவுண்ட்ஸ் ஷோர்ட்’ என்பார்கள். நம்மூரில் ‘காசு ஷோர்ட்’ என்பதுபோல, ஐந்து பவுண்ட் குறைகிறது. திருடினீர்கள் என்பதல்ல. ஆனால் ஒன்றைத் தெரிந்து வைத்திருங்கள். ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலோ, முன்கூட்டியே நீங்கள் எழுத்தில் சம்மதித்திருந்தாலோதான் டில்லில் குறைந்த காசைச் சம்பளத்தில் பிடிக்கலாம். கடை வேலையில் ஒரு சம்பளத்தில் 10 சதவீதத்துக்கு மேல் அப்படிப் பிடிக்க முடியாது என்று 1996ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு உரிமைச் சட்டம் சொல்கிறது. வேலையை விட்டுப் போகும்போது வரும் கடைசிச் சம்பளத்துக்கு மட்டும் அந்த எல்லை இல்லை. ‘ஷோர்ட் ஸ்டாஃப்ட்’ என்றால் வேலைக்கு ஆள் குறைவு, அவ்வளவுதான்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, டாக்டரோ, மருத்துவ ஆலோசனைக்கு எடுக்கும் 111 தொலைபேசி இலக்கத்தில் பேசுபவரோ ‘ஆர் யூ ஷோர்ட் ஒஃப் ப்ரெத்?’ என்று கேட்பது. மூச்செடுக்கக் கஷ்டமாக இருக்கிறதா என்று கேட்கிறார்கள். விளங்காமல் ‘நோ’ சொல்லிவிடாதீர்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், அதற்குக் காசு எடுக்க மாட்டார்கள். வெட்கப்பட வேண்டாம் தங்கச்சி, இது உயிர் விஷயம்.

வேலையிடத்துக்கு ரோல்ஸ், கட்லட் கொண்டுபோனால் ஷோர்ட் ஈட்ஸ் என்று சொல்லாதீர்கள், இங்குள்ளவர்களுக்கு விளங்காது. அவர்களுக்குத் தெரிந்தது ஷோர்ட்பிரெட். அந்த ஷோர்ட்டுக்குப் பொருள் பொலபொலவென்று உதிர்வது. பட்டர் நிறையச் சேர்வதால் மாவு இழுபடாது.

சரி, சுப்பர்வைசரிடம் வருவோம். ‘எ பிட்’ என்று அவர் சேர்த்தது உங்கள் மனம் நோகக்கூடாது என்றுதான். அதற்காகச் சின்ன விஷயம் என்று விட்டுவிடவும் வேண்டாம். நாளைக்குக் கண்டதும் ‘தாங்க் யூ ஃபோர் டெல்லிங் மீ, ஐ வில் வேர்க் ஒன் இட்’ என்று சொல்லுங்கள், நீண்ட விளக்கம் தேவையில்லை. கஸ்டமர் யாராவது முறைப்பாடு எழுதிக் கொடுத்தார்களா என்றும் கேளுங்கள். கொடுத்திருந்தால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.