நன்றாகப் படிக்கிற பையன்கூட ஏன் போதைக்குள் விழுகிறான்?

பத்தாவதில் நல்ல மார்க் எடுத்த பையன் 'கூல் லிப்' என்கிற புகையிலைப் பொட்டலத்தை வாயில் வைக்கிறானே, எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

மார்க்குக்கும் இதற்கும் நேரடி முடிச்சு இல்லை. மூளையில் இன்பத்தைத் தேடும் பகுதி பதின்ம வயதிலேயே வேகம் பிடித்துவிடும். 'போதும், நிறுத்து' என்கிற முன்பகுதி முதிர 25 வயதுகூட ஆகலாம். கூட்டாளிகள் பார்க்கிறார்கள் என்றால் துணிச்சல் இன்னும் ஏறும்.

அப்புறம், பொருளே அப்படி. புகை இல்லை. சின்னப் பொட்டலத்தை உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே செருகிக்கொண்டு வகுப்பிலேயே உட்காரலாம், வாத்தியாருக்குத் தெரியாது. புதினா வாசம் வேறு. உள்ளே இருப்பது என்னவோ புகையிலைதான். பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003-லேயே சட்டம் வந்தாயிற்று. பெட்டிக்கடைகள் அதை எவ்வளவு மதிக்கின்றன என்பது ஊருக்கே தெரியும்.

வீட்டில் தினம் சண்டை, குடிக்கும் அப்பா, யாரும் கண்டுகொள்ளாத மனச்சோர்வு, இவையும் சேர்ந்தால் ஆபத்து கூடுகிறது. பரம்பரைக்கும் பங்கு உண்டு.

பையில் பொட்டலம் சிக்கினால் கையை ஓங்காதீர்கள். யாரோடு, எப்போது ஆரம்பித்தது என்று கேளுங்கள். புகையிலைப் பழக்கத்தைக் கைவிட உதவும் இலவச எண்: 1800-11-2356.