ஹோலிரூட்: கூரையில்லாத மடாலயத்துக்கு எவ்வளவு நேரம்?

அன்புள்ள ஐயா,

ஜூன் கடைசியில் அம்மாவுடன் இரண்டு நாள் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இருப்போம். கோட்டையையும் ஹோலிரூட் அரண்மனையையும் ஒரே நாளில் பார்த்துவிடலாமா? அரண்மனையை ஒட்டியுள்ள இடிந்த மடாலயத்துக்கு நேரம் ஒதுக்க வேண்டுமா? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் தேதியைப் பாருங்கள். ஜூன் கடைசி, ஜூலைத் தொடக்கத்தை ஒட்டி பிரிட்டிஷ் மன்னர் ஹோலிரூட் அரண்மனையில் வந்து தங்குவது வழக்கம். அப்போது அரண்மனை பார்வையாளர்களுக்கு மூடியிருக்கும், மடாலயமும் சேர்த்துத்தான். அரண்மனையின் இணையதளத்தில் திறந்திருக்கும் நாளை உறுதிசெய்துகொண்டு டிக்கெட் எடுங்கள். கோட்டைக்கு டிக்கெட் தனி.

ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம், ஆனால் வேண்டாம். கோட்டையிலிருந்து ராயல் மைல் என்ற பழைய தெரு வழியே கீழே அரண்மனைக்குக் கிட்டத்தட்ட 1.8 கி.மீ. கல் பாவிய இறக்கம் முழங்காலை வாட்டும். களைத்துப்போய்ச் சேர்பவர்கள் கடைசியில் வரும் மடாலயத்தை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். இரண்டாம் நாள் காலை டாக்சியில் நேரே ஹோலிரூட் போங்கள்.

முகப்பின் இரு கோபுரங்களும் இரட்டைப் பிள்ளைகள் போலிருக்கும். இடப்பக்கத்தது ஸ்காட்லாந்து மன்னர் ஐந்தாம் ஜேம்ஸ் 1528 முதல் 1532க்குள் கட்டியது. வலப்பக்கத்தது 1670களில் இரண்டாம் சார்லஸ் காலத்தில் அதைப் பார்த்துக் கட்டியது. ஸ்காட்லாந்து அரசி மேரியின் அறைகள் பழைய கோபுரத்தில். அங்கே ஏறுவது குறுகலான சுழல் படிக்கட்டு. அம்மாவால் முடியுமா என்று வாசலிலேயே கேட்டுவிடுங்கள். 1566 மார்ச் 9 அன்று மேரியின் செயலாளர் ரிட்சியோவை இழுத்துச்சென்று குத்திக் கொன்றது இங்குதான். தரையில் காட்டப்படும் ரத்தக் கறையை நான் நம்பவில்லை. பெரிய கூடத்தின் மன்னர் படங்களை நடந்தபடியே பார்த்தால் போதும்: எல்லாம் ஒரே ஓவியர் வரைந்தவை, பல மன்னர்கள் கற்பனை.

மடாலயத்துக்கு முக்கால் மணி நேரம் வையுங்கள். 1128இல் மன்னர் முதலாம் டேவிட் அகஸ்டினியத் துறவிகளுக்காக நிறுவியது. நிற்பது மேற்குப் பகுதியான நீண்ட கூடம் மட்டுமே. கிழக்குப் பகுதியை 1570இல் இடித்துவிட்டார்கள். பெரிய கிழக்குச் சாளரம் இருக்குமிடத்துக்கு அப்பாலும் தேவாலயம் நீண்டிருந்தது. வடக்குச் சுவரின் அடியில் அரைவட்ட வளைவுகள் ஒன்றையொன்று வெட்டி ஓடுவதையும், தெற்குச் சுவரில் அவை கூர்நுனி வளைவுகளாவதையும் ஒப்பிடுங்கள். கட்டி முடிப்பதற்குள் பாணியே மாறிவிட்டது தெரியும்.

கூரை போருக்குப் பலியாகவில்லை. 1758க்குப் பிறகு பழுதுபார்க்கிறோம் என்று கனமான கற்பலகைகளை மேலே ஏற்றினார்கள். பக்கவாட்டில் தள்ளும் அந்த எடையைப் பழைய உதைசுவர்கள் தாங்கவில்லை. 1768இல் எல்லாம் சரிந்தது. மழைக்கோட்டும் வழுக்காத காலணியும் எடுத்துக்கொள்ளுங்கள். தரை மேடுபள்ளம், அம்மா கையைப் பிடித்துக்கொள்ளட்டும்.

வெளியே வரும்போது சாலையில் பதித்திருக்கும் 'எஸ்' எழுத்துகளைத் தேடுங்கள். மடாலயப் புகலிடத்தின் (சாங்க்சுவரி) எல்லை அது. அந்தக் காலத்தில் அதற்குள் வந்துவிட்ட கடனாளியைப் பிடிக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்போது கைது கிடையாது என்பதால், அன்று ஊருக்குள் போய்வந்தார்கள்.