சுங்கை சிப்புட்டுக்குப் பியானோவோடு வரலாமா?

"கணவருக்குச் செம்பனை ஆலையில் வேலை, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கிற சுங்கை சிப்புட் வருகிறோம். சென்னையில் லண்டன் டிரினிட்டி கல்லூரியின் பியானோ பரீட்சையில் எட்டாம் கிரேட் முடித்துக் கச்சேரியும் செய்தவள் நான். அங்கே பியானோவை நம்பிப் பிழைக்கலாமா? என் பியானோவைக் கொண்டுவரட்டுமா?" என்று கேட்டிருந்தீர்கள். தங்கச்சி, நான் மதுரையிலிருந்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்திரண்டு வருடமாகிறது.

பியானோவை அங்கேயே விற்றுவிடுங்கள். நான் பிடிவாதமாகக் கொண்டுவந்து பட்டவள். வருடம் முழுக்க ஈரக்காற்று. மரம் ஊறும், கட்டைகளின் உள்ளே இருக்கிற கம்பளித் துணி உப்பும், அமுக்கிய கட்டை மேலே வராது. என் முதல் மாணவன், ஒரு சீனப் பையன், நடு 'ஸி' கட்டையை ஒவ்வொரு தடவையும் விரலால் தூக்கிவிட்டுக்கொண்டே முழுப் பாடத்தையும் வாசித்து முடித்தான். அதுவும் பாட்டில் சேர்த்தி என்று நினைத்தான் போல! ஏர்கானை வகுப்பு நேரத்துக்கு மட்டும் போட்டு அணைத்தால் ஈரம் ஏறி இறங்கிச் சுருதி இன்னும் சீக்கிரம் கலையும். உள்ளே பொருத்துகிற சூட்டுக்கம்பி ஓரளவு காப்பாற்றும். கரையான் தனிக்கதை. இங்கேயே பழைய யமஹா பியானோ ஒன்று பாருங்கள்.

கச்சேரியா? இரட்டைக் கோபுரத்தில் 1998இல் திறந்த டேவான் பில்ஹார்மோனிக் பெட்ரோனாஸ் என்ற கச்சேரி அரங்கம் இருக்கிறது, ஆனால் அது கோலாலம்பூர். இங்கே எனக்கு வாய்த்தது ஒரு கல்யாண விருந்து. பியானோ மேதை ஷோபானின் பாட்டை வாசிக்க உட்கார்ந்தால் எதிரே 61 கட்டை கீபோர்டு. இடது கை போக வேண்டிய இடத்தில் கட்டையே இல்லை, மேசை விளிம்புதான். அப்புறம் அந்த மாதிரி அழைப்புக்குப் போவதில்லை.

சோறு போடுவது வகுப்புதான். பிள்ளைகள் பெரும்பாலும் சீனர்கள். நம் பிள்ளைகளும் இப்போது வருகிறார்கள். டிரினிட்டி மாதிரியே லண்டனிலிருந்து நடத்துகிற இன்னொரு இசைப் பரீட்சையான ஏபிஆர்எஸ்எம்தான் பெற்றோர் வாயில் வரும். டிரினிட்டியில் 100க்கு 60 தேர்ச்சி; ஏபிஆர்எஸ்எம்மில் 150க்கு 100, டிஸ்டிங்ஷனுக்கு 130. அதில் ஆறாம் கிரேட் வாசிப்புப் பரீட்சைக்குப் போக ஐந்தாம் கிரேட் தியரி, அதாவது இசை இலக்கணப் பரீட்சை, முடித்திருக்க வேண்டும். அதைக் கடைசிவரை தள்ளிப்போட்டுவிட்டு நம்மிடம் வந்து நிற்பார்கள், நான்காம் கிரேடிலேயே தியரியை ஆரம்பித்துவிடுங்கள். கட்டணத்தை வகுப்புக்கு இவ்வளவு என்று வாங்காமல் மாதத்துக்கு இவ்வளவு என்று பேசுங்கள். இல்லையென்றால் சீனப் பெருநாள், ஹரி ராயா, தீபாவளி மாதங்களில் கை காலி.

ஒன்று முக்கியம்: டிபெண்டன்ட் பாஸில், அதாவது கணவரின் வேலையை வைத்து மனைவிக்குத் தருகிற விசாவில், வந்தால் குடிநுழைவுத் துறை அனுமதி இல்லாமல் சம்பாதிக்கக்கூடாது. வீட்டு வகுப்புதானே என்று நினைக்காதீர்கள். வகுப்புப் பலகை மாட்டுவதற்கு முன் இதை முடியுங்கள்.

வந்ததும் சொல்லுங்கள். டியூன் செய்கிறவர் ஈப்போவிலிருந்து வர வேண்டும். ஒரே நாளில் இரண்டு வீடு என்றால் முனகாமல் வருவார்.