ஏழாவது ரவுண்டு ரிசீவர் டீம்ல நிப்பாரா?

NFL (அமெரிக்க ஃபுட்பால் லீக்) டிராஃப்ட்ல, அதாவது டீமுங்க புது ஆளுங்களை முறை போட்டு எடுக்கறதுல, கடைசியான ஏழாவது ரவுண்டுல எடுத்த உங்க ரிசீவர் (எறியற பந்தைப் புடிக்கிறவர்) சீசனுக்கு முந்தின பயிற்சி கேம்ப்லயே கழண்டுடுவாரான்னு கேட்டிருக்கீங்க ப்ரோ, கஷ்டம்தான், ஏன்னா கேம்ப்ல 90 பேர் இருப்பாங்க, ஆகஸ்ட் கடைசில 53 ஆக்கணும். ஆனா டிராஃப்ட் நம்பரை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க. சான் ஃபிரான்சிஸ்கோ நைனர்ஸ் டீம் 2021ல குவார்ட்டர்பேக் (பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்துறவர்) ட்ரே லான்ஸுக்காக மூணு ஃபர்ஸ்ட் ரவுண்டு பிக்கை (ஆள் எடுக்கிற வாய்ப்பை) வாரிக் குடுத்தாங்க (எனக்கு இன்னும் வயிறு எரியுது), அடுத்த வருஷம் 262ஆவதா, கடைசி பிக்கா வந்த ப்ராக் பர்டி அந்த குவார்ட்டர்பேக் இடத்தையே புடிச்சுட்டாரு, லான்ஸை 2023ல டல்லாஸுக்கு வெறும் நாலாவது ரவுண்டு பிக்குக்கு தள்ளி விட்டாங்க.

உங்காளு ரிசீவர்ங்கறதால ப்ரீசீசன் மேட்ச்ல (சீசனுக்கு முந்தின பயிற்சி ஆட்டம்) கேட்சை மட்டும் எண்ணாம பன்ட், கிக்ஆஃப் கவரேஜ்ல (நம்ம டீம் உதைச்ச பந்தை எடுத்துட்டு ஓடுற எதிரணி ஆளை மடக்குற வேலை) இறக்குறாங்களான்னு பாருங்க, அஞ்சாவது ஆறாவது ரிசீவர் சீட்டு பெரும்பாலும் அங்கதான் முடிவாகும். கட் பண்ணாலும் வேற டீம் வேய்வர்ல (கட் ஆன ஆளை மத்த டீம் எடுத்துக்கற முறை) தூக்கலைன்னா ப்ராக்டிஸ் ஸ்குவாடுக்கு (அந்த 53க்கு வெளியே, டீமோட பயிற்சி பண்ற குழு) கூப்பிட்டுக்கலாம்.