அண்ணன் குடித்ததே இல்லை, கல்லீரல் எப்படிக் கெட்டது?

பல்லடம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 42. நூல் மில்லில் 18 வருட வேலை. பீடி, சிகரெட் பழக்கம் கிடையாது. இரண்டு வருடமாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அவருடைய அண்ணன் கல்லீரல் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்து 47 வயதில் இறந்துபோனார். "எங்கண்ணன் ஒரு சொட்டு குடிச்சதில்லைங்க. ஆனா எழவு வீட்லயே 'ஒளிஞ்சு குடிச்சிருப்பான்'னு பேசினாங்க" என்கிறார். இப்போது இவருக்கு ஒரு டாக்டர் 'ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின்' என்ற ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்திருக்கிறார். மில் தூசியால் வந்த இளைப்புக்கு எதற்கு இந்த டெஸ்ட், பத்தாவது படிக்கும் மகளுக்கும் இது வருமா என்பது அவர் கேள்வி.

டெஸ்டை எடுத்துவிடுங்கள். எழுதிக் கொடுத்தவர் உங்கள் நெஞ்சை மட்டும் பார்க்காமல், அண்ணனின் கல்லீரலையும் சேர்த்து யோசித்திருக்கிறார்.

பனியன் கம்பெனிகளுக்கு நடுவில் இருப்பவருக்கு எலாஸ்டிக் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நுரையீரலின் காற்றறைகளிலும் அப்படி இழுத்துச் சுருங்கும் நார் இருக்கிறது. கிருமியை அழிக்க வரும் வெள்ளை அணுக்கள் எலாஸ்டேஸ் என்ற நொதியை விடும். அது கிருமியோடு நிற்காமல் அந்த நாரையும் அரிக்கும். அதைத் தடுப்பதுதான் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற புரதம். அது குறைந்தால் நார் தொய்ந்து, உள்ளே போன காற்று முழுதாக வெளியே வராது. இதுதான் எம்ஃபிசீமா.

அந்தப் புரதம் பெரும்பாலும் கல்லீரலில்தான் உற்பத்தியாகிறது. மரபணுவில் பிழை இருந்தால் புரதம் தப்பாக மடிந்து, சிக்கு விழுந்த நூல் மாதிரி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கல்லீரல் செல்லுக்குள்ளேயே தேங்கிவிடும். தேங்கியது கல்லீரலைக் கெடுக்கிறது, வந்து சேராதது நுரையீரலைக் கெடுக்கிறது. ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு ஈரல், இன்னொருவருக்கு நெஞ்சு என்று வருவது இதனால்தான்.

1963-ல் ஸ்வீடனின் மால்மோ நகரில் லாரெல், எரிக்ஸன் என்ற இருவர் இதைக் கண்டுபிடித்தார்கள். ரத்தப் புரதங்களைப் பட்டை பட்டையாகப் பிரித்துப் பார்க்கும்போது, சுமார் 1,500 மாதிரிகளில் ஐந்தில் மட்டும் ஒரு பட்டை காணவில்லை. அந்த ஐந்து பேரில் மூன்று பேருக்கு இளம் வயதிலேயே நுரையீரல் கெட்டிருந்தது.

இந்தப் பிழை ஐரோப்பிய வம்சாவளியினரிடம்தான் அதிகம், நம் மக்களிடம் அபூர்வம். உங்கள் இளைப்புக்குப் பருத்தித் தூசியே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். பஞ்சைப் பிரித்துச் சீவும் ப்ளோ ரூம், கார்டிங் பகுதியில் வேலை பார்த்தீர்களா? லீவு முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாள் நெஞ்சு இறுகுமா? இதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் மில் தூசி அண்ணனின் கல்லீரலைச் சுருக்கியிருக்காது. சிஓபிடி என்ற நாள்பட்ட மூச்சடைப்பு நோய் உள்ள எல்லோருக்கும் வாழ்நாளில் ஒருமுறையாவது இந்த டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது. நம் பக்கம் "மில்லுக்காரர், தூசிதான்" என்று முடித்துவிடுகிறோம். அது எனக்கு ஆதங்கம்தான்.

சளி, காய்ச்சல் இருக்கும்போது ரத்தம் கொடுக்காதீர்கள். உடம்பில் அழற்சி இருந்தால் இந்தப் புரதம் தற்காலிகமாக ஏறி, குறைபாட்டை மறைத்துவிடும். அளவு குறைவாக வந்தால் அடுத்து மரபணு வகை பார்ப்பார்கள். எம் என்பது இயல்பானது, கடுமையான பிழை இசட். அம்மாவிடமிருந்தும் அப்பாவிடமிருந்தும் ஒவ்வொன்றாக வரும் இரண்டு மரபணுப் பிரதியும் இசட் ஆனவர்களுக்கு அளவு இயல்பில் 10 முதல் 15 சதவீதம்தான் இருக்கும்.

உங்கள் அப்பா மாமன் மகளைக் கட்டியவர் என்றும், "கூட்டம் வேறதானுங்களே" என்றும் எழுதியிருக்கிறீர்கள். கூட்டம் என்ற குலப் பிரிவு அப்பா வழியில் மட்டும் வருவது. மரபணு இரண்டு வழியிலும் வரும். தாத்தாவிடம் இருந்த ஒரே பிழை மகன் வழிப் பேத்திக்கும் மகள் வழிப் பேரனுக்கும் போய், அவர்கள் கல்யாணத்தில் மறுபடி சேரலாம். பெற்றோர் இருவரிடமும் ஒவ்வொரு பிழைப் பிரதி இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு.

மகளைப் பற்றிப் பயப்பட வேண்டாம். நீங்கள் கட்டியது அசலில், சொந்தத்தில் இல்லை. உங்களுக்கே இரண்டு பிழைப் பிரதி இருந்தாலும், அம்மாவிடமிருந்து நல்ல பிரதி வந்திருந்தால் மகளுக்கு ஒன்றுதான் இருக்கும். புகையை நெருங்காதவரை அப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் நன்றாகவே இருப்பார்கள். முதலில் உங்கள் முடிவு வரட்டும், அப்புறம் அவளுக்குப் பார்க்கலாம்.

கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிறந்து இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் காமாலை போகாமல், மலம் வெளுத்து, சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் வெயிலில் காட்டிக்கொண்டும் மந்திரித்துக்கொண்டும் இருக்காதீர்கள். அன்றைக்கே குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள். இந்த நோயும் இருக்கலாம், பித்தநாள அடைப்பும் இருக்கலாம். இரண்டாவது என்றால் ஒவ்வொரு நாளும் முக்கியம்.

நோய் உறுதியானால் அடியோடு குணமாக்கும் மருந்து இல்லை. தானம் பெற்ற ரத்தத்திலிருந்து பிரித்த புரதத்தை வாரம் ஒருமுறை ஏற்றும் சிகிச்சை சில நாடுகளில் 1987-லிருந்து இருக்கிறது. விலை மிக அதிகம், நுரையீரல் கெடுவதை மெதுவாக்குமே தவிர கல்லீரலுக்கு உதவாது. கல்லீரல் முற்றிலும் பழுதானால் மாற்று அறுவை சிகிச்சைதான். புதுக் கல்லீரல் நல்ல புரதத்தையே தயாரிக்கும். ஆனால் தூசி இல்லாத பகுதிக்கு வேலையை மாற்றிக் கேட்பது, விறகடுப்புப் புகையை விடுவது, மது வேண்டவே வேண்டாம் என்பது, ஃப்ளூ, நிமோனியா, ஹெபடைடிஸ் தடுப்பூசி போடுவது இதெல்லாம் உங்கள் கையில் இருக்கிறது. அதனால்தான் சீக்கிரம் தெரிய வேண்டும் என்கிறேன்.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். குடிக்காதவருக்குச் சர்க்கரையோடு வரும் கொழுப்புக் கல்லீரல், ஹெபடைடிஸ் பி, சி எனப் பல காரணங்களால் கல்லீரல் சுருங்கும். ஃபைலைத் தேடிப் பாருங்கள். ஊசி மூலம் கல்லீரல் சதை எடுத்திருந்தால், அதைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியை ஆஸ்பத்திரி இன்னும் வைத்திருக்கக்கூடும். தனிச் சாயம் போட்டு மறுபடி பார்த்தால், தேங்கிய புரதம் சின்னச் சின்ன உருண்டைகளாகத் தெரியும். அண்ணியிடம் சொல்லி அந்த ஃபைலை எடுத்துக்கொண்டு போங்கள். அண்ணன் மகனையும் கூட்டிப்போய் கல்லீரல் டெஸ்ட் ஒன்று எடுத்துவிடுங்கள்.