டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் மெசேஜ் அனுப்பி மருந்து கேட்கலாமா?

மும்பையில் ஒவ்வொரு தடவையும் கிளினிக் வரிசையில் நிற்காமல் டாக்டரிடம் வாட்ஸ்அப்பிலேயே கேட்கலாமா, அது சட்டப்படி சரியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேட்கலாம். 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் வீடியோ, போன், எழுத்து மூன்றையுமே ஏற்கின்றன. நேரில் பார்த்த அதே டாக்டரிடம், அதே நோய்க்கு, 6 மாதத்துக்குள் கேட்டால் அது தொடர் ஆலோசனை. அதற்கு அவர் கட்டணம் வாங்கலாம், அதில் தவறில்லை. மருந்து எழுதினால் கையெழுத்தும் பதிவு எண்ணும் உள்ள சீட்டின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். போதைப்பொருள் சட்டத்தில் வரும் தூக்க மாத்திரைகளை இப்படி எழுதித் தரக் கூடாது, அதனால் வற்புறுத்தாதீர்கள்.

ஆனால் எதை மெசேஜில் கேட்கக் கூடாது என்பதை நான் பயந்துதான் கற்றுக்கொண்டேன். தாராவி 90 அடி சாலைப் பக்கம் எங்கள் வீடு. அம்மாவுக்குச் சுகர். போன வருடம் ஒரு ராத்திரி அவருக்கு வியர்த்துக் கொட்டிக் கை நடுங்கியது. மீட்டரில் 58. அதைப் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பிவிட்டு நீல டிக் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இருபது நிமிடம் போய்விட்டது. சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டு அக்கா, "போனை வச்சுட்டு முதல்ல சர்க்கரையைக் கரைச்சுக் கொடும்மா" என்று அதட்டினார். மூன்று ஸ்பூன் சர்க்கரை, அரை டம்ளர் தண்ணீர். கால் மணி நேரத்தில் 92.

டாக்டர் மேல் குற்றம் இல்லை, மனுஷன் தூங்கிக்கொண்டிருந்தார். காலையில் மெசேஜைப் பார்த்ததும் அவரே போன் செய்து ராத்திரி மாத்திரையின் அளவைக் குறைத்தார். 70க்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை என்பதையும் அப்போதுதான் சொல்லிக்கொடுத்தார். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108தான்.

நாளைக்குப் பதில் வந்தாலும் பரவாயில்லை என்கிற விஷயத்துக்குத்தான் மெசேஜ். அந்த மாதிரி நிதானமான வேலையில் அதற்கு நிஜமான பலம் உண்டு. சென்னை டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவு வரும் வாய்ப்புள்ள 537 ஆண்களை இரண்டு வருடம் கவனித்து 2013இல் ஆய்வு வெளியிட்டார்கள். சாப்பாடு, நடை பற்றி எஸ்எம்எஸ் பெற்றவர்களில் 18 சதவீதம் பேருக்கு நோய் வந்தது, பெறாதவர்களில் 27 சதவீதம்.

எழுதும்போது எல்லாவற்றையும் ஒரே மெசேஜில் எழுதுங்கள்: பெயர், வயது, கடைசியாகப் போன தேதி, ரீடிங் சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, மாத்திரை அட்டையின் படம், கடைசியில் ஒரே ஒரு கேள்வி. நீளமான வாய்ஸ் நோட் வேண்டாம், ஓ.பி. நெரிசலில் அதைக் கேட்க யாருக்கு நேரம் இருக்கும்?

அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். 1-0-1 (காலையில் ஒன்று, மதியம் வேண்டாம், ராத்திரி ஒன்று) என்றால் புரிந்துவிடும், ஆங்கிலத்தில் வரும் மற்றது புரியாது. அதனால் டாக்டரின் பதிலை நான் தமிழில் எழுதிக் காலண்டர் பக்கத்தில் ஒட்டிவிடுகிறேன். அதற்குக் கீழே கிளினிக் நம்பர், 108, ஒரு குளுக்கோஸ் பாக்கெட்.